சுடுகாட்டு மல்லிக்குத் தண்ணீர் ஊற்றியவர்

என் மாமியாருக்கும் எனக்கும் ஒத்துப்போனதே இல்லை. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை. அறந்தாங்கியில் அவர் மகன் வளைகுடாவிலிருந்து சம்பாதித்து அனுப்பிக் கட்டிய வீடு அது. மாமியார், கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார், ஆராய்ச்சிப் படிப்புக்காகப் போர்டிகோ முழுக்கத் தொட்டிகளை அடுக்கியிருந்த நான் ஆகிய மூவரும் அதில் முட்டிக்கொண்டிருந்தோம்.

தொட்டிகளில் இருந்தது நித்தியகல்யாணி. எங்கள் பக்கம் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்று பேர். அந்தப் பேருக்காகவே மாமியார் அதை வெறுத்தார். வளர்ப்பவள் நான் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வெறுத்தார்.

அதன் இலையில் ஊறும் கசப்பிலிருந்துதான் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். வளரவோ பூக்கவோ அந்தக் கசப்பு செடிக்குத் தேவையில்லை. புழு கடித்தாலோ தண்ணீர் இல்லாமல் போனாலோ தன்னைக் காத்துக்கொள்ள அதைச் செய்கிறது. கசப்பைச் செய்யும் மரபணுக்கள் எப்போதும் உள்ளேதான் இருக்கும், சும்மா கிடக்கும். டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர் என்கிற வகைப் புரதம் வந்து அவற்றைப் பற்றிக்கொண்டால்தான் வேலை தொடங்கும். செடி எவ்வளவு வாடினால் அந்தப் புரதம் எழும் என்பதே என் ஆராய்ச்சி. அதனால் பாதித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், மீதியைக் காயப்போட்டேன்.

பறித்த இலையை அந்த நொடியே உறைய வைக்க வேண்டும். அதற்கான திரவ நைட்ரஜன் வாங்கப் புதுக்கோட்டைக்குக் கிளம்பினேன்.

“காயிற தொட்டிக்குத் தண்ணி ஊத்திறாதீங்க அத்தை” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சாயங்காலம் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தால், எல்லாச் செடியும் ஒன்றுபோல் நிமிர்ந்து நிற்கிறது. மண் சொதசொதவென்று இருந்தது. இப்படி நனைத்துவிட்டால் அந்தப் புரதம் அடங்கிவிடும். பறித்துப் பிரயோஜனமில்லை.

“நாளைக்கிப் பொண்ணு பாக்க வாராங்க. வாசல்ல வாடுன செடிய வச்சுக்கிட்டு நல்ல காரியம் பேசச் சொல்றியா? தூக்கி எறியாம தண்ணி ஊத்துனேன்ல, அதுக்கு சந்தோசப்படு” என்றார் மாமியார்.

மறுநாள் வந்தவர்களுக்கு நான் காபிகூடக் கொடுக்கவில்லை. சம்பந்தம் முடிவானது. வாசல் பச்சைப்பசேலென்று இருந்ததால்தான் நல்லபடியாக முடிந்தது என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். என் பேராசிரியரோ, இன்னும் ஒரு தடவைதான், அதுவும் போனால் படிப்பை மறந்துவிடு என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

புதுக் கன்றுகளை மொட்டைமாடியில் வைத்தேன். மழை விழாமல் மேலே ஷீட் போட்டேன். மாடிக் கதவைப் பூட்டி, சாவியைத் தாலிச் சரட்டில் ஊக்குகளோடு ஊக்காகக் கோத்துக்கொண்டேன். வேறெங்கு வைத்தாலும் மாமியார் எடுத்துவிடுவார். அதில் மட்டும் கைவைக்க மாட்டார். எனக்குத் தெரியும்.

பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. அன்றே மகனுக்குப் போன் போட்டார்.

“தாலியில போயி சாவியத் தொங்கவிட்டிருக்கியாமே? அதக் கழட்டி அம்மாட்டக் குடுத்துரு” என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார் என் வீட்டுக்காரர்.

“நீங்க வந்து கழட்டிக் குடுங்க” என்றேன்.

அவர் வரவில்லை. செடிகள் வாடின. வாடி முடித்த இலைகளைப் பறித்து உறையவைத்தபோது, கீழே மாமியார் கல்யாண வேலையாக யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு யார்மீதும் இரக்கம் வரவில்லை.