அண்ணாவுக்குப் பந்து வரவேண்டும்

எங்கள் மாமாவுக்கு எந்த விசயத்திலும் பாதி தெரிந்தால் போதும். மீதிப் பாதியை அவரே உண்டாக்கிக்கொள்வார். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவருடைய தொழில். திருவிழா, கலியாணம், செத்தவீடு, தேர்தல் கூட்டம் எதுவானாலும் எங்கள் ஊரான அமிர்தகழியில் அவருடைய பெட்டிகள்தான் பேசும். பெட்டிகள் பேசாத நாட்களில் மாமா பேசுவார்.

அவர் அதிகம் பேசியது அண்ணாவைப் பற்றி. அண்ணா என்பது பெரியம்மாவின் மகன். சண்டைக் காலத்தில் பெரியம்மாவும் பெரியப்பாவும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள், அண்ணா அங்கேதான் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த யாரோ ஒரு பயிற்சியாளர் அந்த ஊர்ப் பந்து விளையாட்டில் இழுத்துவிட்டார். கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டு, பெரும்பாலும் கையால் ஆடுகிற விளையாட்டு அது. அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் அந்த ஓட்டத்தாலேயே போனார். பிறகு சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற பெரிய அணிகள் இரண்டு அவரை எடுத்துப் பார்த்து, ஆள் குள்ளம் என்று அனுப்பிவிட்டன. மூன்றாவது அணி வைத்துக்கொண்டது. அவர் நிற்கிற இடத்துக்குக் கோர்னர்பாக் என்று பெயர். ஊருக்குச் சொல்லும்போது மாமா அதை ‘மூலைக்குப் பொறுப்பு’ என்பார். மூலையில் அப்படி என்ன பொறுப்பு என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை.

அங்கே இரவு ஆட்டம் என்றால் எங்களுக்குக் காலை. பெட்டிகள் அடுக்கியிருக்கும் கொட்டிலில் வெள்ளைத் துணி கட்டி, கணினியையும் புரஜெக்டரையும் கொழுவி, மாமா ஒழுங்கைச் சனம் முழுவதையும் கூப்பிடுவார். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த அவருடைய கூட்டாளி மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். அந்த வெள்ளைத் துணியே அவர் கடைத் துணிதான். நாலு பெட்டியிலும் ஆங்கில வர்ணனை இடி முழங்கும். பிள்ளைகள் நாங்கள் பள்ளி உடுப்போடு பாதி ஆட்டம் பார்த்துவிட்டு, பிந்திப்போய் ஏச்சு வாங்குவோம்.

அந்த விளையாட்டு எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எல்லாரும் தலைக்கவசம் போட்டிருப்பார்கள், பகல் வெளிச்சத்தில் வெளிறிய துணியில் எந்த உடுப்பு எந்த அணி என்றும் தெரியாது, அண்ணாவையே குள்ளத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். ஒருவன் கத்துவான், எல்லாரும் முட்டிக்கொள்வார்கள், பிறகு நீண்ட நேரம் சும்மா நிற்பார்கள். ஆனால் ஒன்று மட்டும் குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கியது. பந்து எல்லாப் பக்கமும் போகிறது, அண்ணா நிற்கிற பக்கம் மட்டும் வருவதில்லை. அவர் விழுந்தடித்து ஓடுவார். பக்கத்தில் இன்னொருவனும் ஓடுவான். பந்து மறுகரைக்குப் போய்விடும். அண்ணா கையை உதறிக்கொண்டு தனியே நடந்து திரும்புவார். எனக்கு அழுகை வரும்.

“இவனுக்கு மட்டும் ஏன் கா ஒருத்தனும் பந்து போடுறானுகள் இல்ல?” என்று மாமா அம்மாவைக் கேட்டார்.

அம்மாவுக்கு எப்படித் தெரியும்? துணிக்கடைக்காரர்தான் மெல்லச் சொன்னார். “நம்மட ஆள் எண்டு தெரிஞ்சிருப்பானுகள் மச்சான்.”

ஒதுக்கப்படுவது என்றால் என்னவென்று அங்கிருந்தவர்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெற்ற மனம் நோகும் என்று அம்மா தடுத்துவிட்டார். பெரியம்மாவுக்கும் தெரிந்திருக்காது. மகன் அடிபடுவதைப் பார்க்கமாட்டேன் என்று ஆட்ட நேரத்தில் சாமியறைக்குள் போய் இருந்துவிடுகிறவர் அவர். ஆனால் ஒருநாள் அவரே தொலைபேசியில் அழுதார். அந்த வருடத்தோடு அண்ணாவின் ஒப்பந்தம் முடிகிறது. வைத்திருப்பார்களோ, அனுப்பிவிடுவார்களோ தெரியாது. அனுப்பினால் இனி வேறு அணி எடுக்காது. “புள்ள ஒழுங்காச் சாப்பிடுறானும் இல்ல தங்கச்சி” என்றார்.

பந்தே வராத ஒருவனை எந்த அணி வைத்திருக்கும்? மாமா அன்றைக்கே மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தார். அண்ணாவுக்குப் பந்து வரவேண்டும். வந்தால், அவனே நேரில் வந்து வீடு வீடாக மடிப்பிச்சை எடுத்து, கிடைக்கிற அரிசியைக் கோயிலுக்குக் கொடுப்பான். எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய ஆளானாலும் நேர்த்தி என்று வந்துவிட்டால் துணியை ஏந்திக்கொண்டு அயலவர் வீட்டுப் படலையில் நிற்கத்தான் வேண்டும். இதை அண்ணாவிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வைத்திருக்கலாம் என்று மாமாவுக்குத் தோன்றவில்லை. துணிக்கடைக்காரர் தன் பங்குக்குப் பள்ளிவாசலில் துஆக் கேட்டார்.

அடுத்து வந்த காலை ஆட்டத்தன்று இங்கே நல்ல மழை. தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று மாமா பெட்டிகளை முழுதாகத் திறந்துவிட்டார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அண்ணா குனிந்து பின்தொடையைப் பிடித்தார். உடனே நிமிர்ந்து நின்றார். அதற்குப் பிறகு வந்த முதல் எறியிலேயே பந்து அண்ணாவின் பக்கம் வந்தது.

கொட்டில் எழும்பிவிட்டது. பக்கத்தில் ஓடியவன் பிடித்துக்கொண்டான், அதனால் என்ன, பந்து வந்துவிட்டதே! மறுபடியும் வந்தது. மறுபடியும் வந்தது. “மறுகாவும் இவன்ட பக்கந்தான்! பாரு கா, பாரு!” என்று மாமா குதித்தார். அம்மா கையில் தேத்தண்ணித் தட்டத்தோடு மாமாங்கேஸ்வரரைக் கூப்பிட்டார். பந்து ஒவ்வொரு முறையும் அண்ணாவின் கைக்கு எட்டாமல் மற்றவனிடம் போவதைக் கண்ட துணிக்கடைக்காரர், “பழக்கமில்லாத கைதானே, போகப் போகச் சரிவரும்” என்று ஆறுதல் சொன்னார். ஒரு முறை அந்த மற்றவன் பந்தோடு எல்லை வரை ஓடிப்போய் அங்கே துள்ளித் துள்ளி ஆடினான். நாங்களும் சேர்ந்து ஆடினோம்.

கடைசியில், ஆட்டம் முடிய இருந்த நேரத்தில், பந்து இன்னொரு முறை வந்தது. இந்தத் தடவை அண்ணா அதை மற்றவனுக்கு முன்னால் பாய்ந்து பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தார். அணி முழுவதும் அவர்மேல் வந்து விழுந்தது. மாமா மழைக்குள் இறங்கிச் சீனவெடி கொளுத்தினார். பாதி நூர்ந்துபோனது, பாதி வெடித்தது. அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவேயில்லை. அவ்வளவு சந்தோசமான ஒரு காலையை அதற்குப் பிறகு நான் அதிகம் கண்டதில்லை.

ஒரு உண்மையை இங்கேயே சொல்லிவிடவேண்டும். அது எனக்குத் தெரிந்தது பல வருடங்களுக்குப் பிறகு, அந்த விளையாட்டின் விதிகளைப் படித்துவிட்டு அதே ஆட்டத்தைக் கணினியில் திரும்பப் பார்த்தபோதுதான். அண்ணாவின் பக்கத்தில் ஓடுகிறவன் எதிரணிக்காரன். பந்தை எறிகிறவனும் எதிரணிதான். அந்தப் பந்தைப் பக்கத்தில் ஓடுகிறவன் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கோர்னர்பாக்கின் வேலை. ஆள் கெட்டிக்காரன் என்றால் எதிரணி அந்தப் பக்கம் எறியவே பயப்படும். அந்த வருடம் அண்ணாவின் பக்கம் எறிய ஒருவருக்கும் துணிவிருக்கவில்லை. அணிக்கு இருந்த ஒரே சந்தேகம் அந்தச் சின்ன உடம்பின் கால்கள் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பது. அன்றைக்கு அவருடைய தொடைத் தசை பிடித்துக்கொண்டது. வெளியே போனால் ஒப்பந்தமும் போகும் என்று அவர் நின்றார். நொண்டுவதைக் கண்ட எதிரணி, திரும்பத் திரும்ப அவர் பக்கமே எறிந்தது. அவருடைய வாழ்க்கையின் மிக மோசமான இரவில், ஒவ்வொரு அடிக்கும் நாங்கள் கைதட்டியிருக்கிறோம்.

கடைசிப் பந்து அவரைக் காப்பாற்றியது. அந்தக் காலோடு அப்படி நின்று ஆடியவனை விடமுடியாது என்று அணி வைத்துக்கொண்டது. அடுத்த ஆடியில், மாமாங்கக் கோயிலில் திருவிழாக் கொடி ஏறியிருந்த நேரம், அண்ணா வந்து இறங்கினார். மாமாவின் வேட்டி அவருக்கு அளவாக இருந்தது, சால்வைதான் தோளைச் சுற்றிவரப் போதவில்லை.

மடிப்பிச்சைக்குப் புறப்படும்போதுதான், “என்ன கேட்டு நேர்த்தி வச்சீங்க மாமா?” என்று தன்னுடைய அமெரிக்கத் தமிழில் விசாரித்தார்.

“உனக்குப் பந்து வரவேணும் எண்டுதான் மனே. அந்த மழை நாள் பாத்தியா, மாமாங்கத்தார் எப்பிடி அள்ளிக் குடுத்தார் எண்டு!”

அண்ணா மாமாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை, அவரும் சிரித்தார். ஏனென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

பிறகு அண்ணா சால்வையை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு படலையாக நின்றார். கொட்டிலில் ஆட்டம் பார்த்தவர்கள்தான் எல்லாரும். ஒவ்வொருவரும் கை நிறைய அரிசி போட்டு, “இன்னும் நல்லாப் பந்து வரட்டும் மனே” என்று மனதார வாழ்த்தினார்கள். “ஓம், வரட்டும்” என்று ஒவ்வொருவருக்கும் அண்ணா தலை குனிந்து சொன்னார். எனக்கு ஒரு குறைதான் இருந்தது. இவ்வளவு வாழ்த்துக்கு அவர் கொஞ்சம் கூடுதலாக நன்றி சொல்லலாமே என்று நினைத்தேன்.

கோயிலில் அரிசியைக் கொடுத்தபின், மாமா சந்நிதியில் நின்று ஒலிபெருக்கி தேவைப்படாத குரலில் வேண்டினார். “அப்பனே, இனி ஒவ்வொரு ஆட்டத்திலயும் என்ட மருமகனுக்குப் பந்து மழையாக் கொட்டவேணும்.” அண்ணா கண்ணை மூடிக் கைகூப்பியபடி, “ஓம் மாமா, கொட்டட்டும்” என்றார். அவருடைய தோள் குலுங்கியது, கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நான் அம்மாவின் சேலையை இழுத்து, அண்ணாவுக்குப் பக்தி கூடிவிட்டது என்றேன். அம்மாவும் ஓம் என்றார். பந்து வராமல் இருப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர், அது கொட்டவேண்டும் என்று எங்களோடு சேர்ந்து வேண்டிக்கொள்வதற்கு எங்கள்மேல் எவ்வளவு அன்பு வைத்திருக்கவேண்டும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.