ஏழு கோடு போட்ட வார இதழ்

அந்த வார இதழின் அட்டையில், வலது மேல் மூலையில், நீலப் பேனாவால் ஏழு சின்னக் கோடுகள் போட்டிருக்கும். காலையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பாசஞ்சர் ரயிலில் ஒரே பெட்டியில் ஏறும் சீசன் டிக்கெட்காரர்கள் ஏழு பேர், ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே பிரதி. படித்து முடித்தவர் ஒரு கோட்டைக் குறுக்கே அடித்துவிட்டு அடுத்தவரிடம் தர வேண்டும். படிக்க விருப்பமில்லாமல் இறங்குகிறவரும் ஒரு கோட்டை அடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தகம் அவருக்காகக் காத்துக் கிடக்கும். ஏழும் அடிபட்டதும் அது ரயிலில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் அம்மாவிடம் போய்விடும். மறுநாள் பொட்டலமாக மடிந்து அவர்கள் கைக்கே திரும்பி வரும். இந்தச் சட்டதிட்டங்களை எல்லாம் வகுத்தவர், அந்த ஏழு பேரில் ஒருவரான எங்கள் டெஸ்டர் அக்கா.

விழுப்புரத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் மென்பொருள் நிறுவனம் இருந்தது. நிறுவனம் என்று சொன்னால் முதலாளியையும் சேர்த்து நாலு பேர். நான் நிரல் எழுதுவேன், அக்கா அதில் ஓட்டை கண்டுபிடிப்பார். அதுதான் அவர் வேலை, அதை அவர் சந்தோஷமாகச் செய்வார் என்பதுதான் எனக்குத் தாங்காது. ஏதாவது அகப்பட்டால், "தம்பி, ஒண்ணு மாட்டிக்கினுச்சு" என்று சொல்லிக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு கேப்பை அடையை என் பக்கம் நீட்டுவார். தப்புக்கு ஒரு அடை. அந்த வருடம் நான் நன்றாகவே சதை போட்டேன். அக்காவின் வீட்டுக்காரருக்குத் திண்டிவனத்தில் தையல் கடை, மகள் ஐந்தாம் வகுப்பு. சென்னையில் கிடைத்த வேலையை, பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவது என்று உதறிவிட்டு எங்களிடம் வந்தவர். நான் கட்டைப் பிரம்மச்சாரி, இந்தக் கடை மூடினால் பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போவேன். அக்காவால் முடியாது.

எங்களுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் ஊரை ஒட்டிய ஒரு தனியார் பள்ளி. ஆயிரத்து நானூறு பெற்றோர்களுக்கு ஒரே நேரத்தில் செய்தி போகும்படி அரட்டைச் செயலி ஒன்றை அவர்களுக்குச் செய்துகொடுத்திருந்தோம். பள்ளித் தாளாளருக்கு வெறும் எழுத்தில் அனுப்பினால் திருப்தி இல்லை. லெட்டர்பேடில் எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அதைப் படம் பிடித்து அனுப்பினால்தான் அவருக்கு அது அறிவிப்பு. முதல் நாள் அனுப்பியவுடன் எங்கள் சர்வர் படுத்துவிட்டது. காரணம் நான்தான். ஒவ்வொரு பெற்றோருக்கும் அந்தப் படத்தைத் தனித்தனியாக நகல் எடுத்து வரிசையில் வைக்கும்படி எழுதியிருந்தேன். சிக்னல் நன்றாக இருந்தவர்கள் உடனே வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்களின் நகல்கள் எல்லாம் நினைவகத்தில் குவிந்து, மூச்சு முட்டிப் போயிற்று. பெரிய கணினி வாங்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"ஒரே புக்கை நாங்க ஏழு பேரு படிக்கிறோம். நீ இன்னாடான்னா ஆயிரத்து நானூறு புக்கு அச்சடிச்சிக்கினு கீற."

சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அன்று மதியமே மாற்றி எழுதினேன். படம் ஒன்றே ஒன்று. பக்கத்தில் ஒரு எண்ணிக்கை, இன்னும் எத்தனை பேர் வாங்க வேண்டும் என்று. ஒருவர் வாங்கியதும் ஒன்று குறையும். இணைப்பு அறுந்து போனவருக்காகவும் ஒன்று குறையும், அவர் திரும்பி வரும்போது புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். பூஜ்யம் ஆனதும் படம் அழிந்துவிடும். பழைய கணினியே பஞ்சு மாதிரி லேசாகப் பறந்தது. முதலாளி பஜ்ஜி வாங்கித் தந்தார். அக்காவின் யோசனை என்று நான் சொன்னேனா என்றால், சொன்னேன், பஜ்ஜி தீர்ந்த பிறகு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் விடுமுறை அறிவிப்பு போயிற்று. கொஞ்ச நேரத்தில் திரையில் பாக்கி பூஜ்யம் என்று வந்தது. எல்லோருக்கும் சேர்ந்துவிட்டது என்று நான் குறட்டை விடப் போய்விட்டேன். எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் ஒருவர் மொபெட்டில் வந்து நிற்பதாக வாட்ச்மேன் போன் செய்தார். கெடார் கிராமத்திலிருந்து அந்த மழையில் இரண்டு பெண் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டி வந்திருக்கிறார். ரயிலை விட்டு இறங்கிய அக்காவும் நானும் ஒரே குடையில் ஓடினோம். பிள்ளைகள் உரச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, பூட்டிய கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். சின்னவளுக்குக் குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. "எங்க ஊர்ல டவரு அப்படித்தான் சார், உங்க மேல இன்னா தப்பு" என்று எனக்கே சமாதானம் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது.

தாளாளர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, குரலை உயர்த்தாமல் பேசினார். "ஒருத்தருக்கு வரலன்னாலும் எனக்கு அது வந்த கணக்கு இல்ல. அடுத்த மழை லீவு வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கும் யாராவது வாசல்ல வந்து நின்னா, உங்க ஆப்பு வேணாம்." எழுதியவன் நான் வாயைத் திறப்பதற்குள், "சரி பார்த்து அனுப்பினது நான்தான் சார், என் தப்பு" என்றார் அக்கா. படி இறங்கும்போது முதலாளி யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னார், இந்தப் பள்ளி போனால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று.   அக்கா கெடார்காரருக்கு அன்று மாலை போன் செய்து, சின்னவளுக்கு ஜுரம் என்று தெரிந்துகொண்டு, அது இறங்கும் வரை தினமும் விசாரித்தார்.

நான் இரண்டு நாள் டவரின் மேல் பழி போட்டேன். திரையில் பூஜ்யம் என்று வந்ததே, சர்வர் பொய் சொல்லுமா என்று வாதாடினேன். மூன்றாம் நாள் காலை ரயிலில் இருந்து அக்காவின் போன். பின்னால் ஒரே கூச்சல். ஏழு பேரில் ஒருவரான நர்ஸம்மா, தொடர்கதை படிக்காமலே வார இதழ் மல்லாட்டை அம்மாவிடம் போய்விட்டதென்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கதையின் ஒரு பக்கம் அவர் கையில் இருந்த பொட்டலத்திலேயே இருந்ததாம். மல்லாட்டையை மடியில் கொட்டிவிட்டு, கதாநாயகி கிணற்றடிக்குப் போகும் இடம் வரை படித்திருக்கிறார். அதற்குமேல் அடுத்தவர் பொட்டலத்தைப் பிடுங்க வேண்டும்.

"யாரு பண்ண வேலை தெரியுமா? எங்க ஏழு பேர்ல ஒருத்தரு, அந்தக் கோர்ட்டு சாரு," என்றார் அக்கா. "படிச்சி முடிச்சிட்டு ஒரு கோடு அடிச்சிக்கிறாரு. அப்புறம் விக்கிரவாண்டில இறங்கும்போது, இறங்குறேன்னு இன்னொரு கோடு அடிச்சிக்கிறாரு. ஏழும் அடிபட்டுப் போச்சு, நர்ஸம்மா படிக்கவே இல்ல. தம்பி, உன் சர்வர்ல கோர்ட்டு சாரு கீறாரான்னு ஜல்தியா பாரு."

இருந்தார். ஒருவர் இருவர் அல்ல, நிறையவே இருந்தார்கள். படத்தை வாங்கியதும் எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருக்கிறது. அடுத்த நொடி அவர் இணைப்பு அறுந்தால், அதே ஆளுக்காக இன்னொன்றும் குறைந்திருக்கிறது. மழை நாளில் இணைப்பு அறுவதற்கா பஞ்சம்? கெடார்காரரைப் போல் பலர் வரிசையில் காத்திருக்கும்போதே கணக்கு பூஜ்யமாகி, படம் அழிந்துவிட்டது; மற்றவர்கள் அக்கம்பக்கத்தில் கேட்டுத் தப்பித்திருக்கிறார்கள். ரயிலில் அன்றே சட்டம் திருத்தப்பட்டது. கோட்டுக்குப் பதில் ஏழு பேரின் முதல் எழுத்து, அவரவர் தன் எழுத்தை மட்டும்தான் அடிக்கலாம். நானும் அப்படியே செய்தேன். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சீட்டு, வாங்கியதும் சீட்டு கிழிந்துவிடும், கிழிந்ததை மறுபடி கிழிக்க முடியாது. இணைப்பு அறுந்தாலும் வாங்காதவரின் சீட்டு அப்படியே இருக்கும். அக்கா தன் ரயில் கூட்டத்தையே சோதனைக்கு இறக்கினார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யார் போனை அணைக்க வேண்டும், யார் போட வேண்டும் என்று அவர் கட்டளை இட, கோர்ட்டு சார் பயபக்தியோடு அணைத்து அணைத்துப் போட்டார். அந்த வாரம் நான் அடை மட்டும் பதினொன்று சாப்பிட்டேன். பன்னிரண்டாவது வரவே இல்லை.

அக்கா இப்போது கண்டாச்சிபுரம் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. பி.எட். முடித்துவிட்டு வருடக்கணக்காக அவர் காத்திருந்த ஆசிரியர் பணி நியமனம் கடைசியில் வந்துவிட்டது. நாங்கள் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறோம், பள்ளிகள் கூடியிருக்கின்றன, ஆட்களும் கூடியிருக்கிறார்கள். புதிதாக வருகிற கெட்டிக்காரப் பையன்கள் கேட்பார்கள், பத்து நிமிடத்தில் வாங்காத ஆளுக்காக எதற்கு நினைவகத்தை அடைத்து வைக்க வேண்டும், அழித்துவிடலாமே என்று. கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. அவர்களுக்கு நான், தாளாளர் கெடு வைத்திருந்த அந்த அடுத்த மழை லீவின் காலையைச் சொல்வேன்.

அன்று அக்கா ரயிலுக்குக் காத்திராமல் முதல் பஸ்ஸைப் பிடித்து, சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். ஆறு மணிக்கு அறிவிப்பு போயிற்று. ஆயிரத்து நானூறு மளமளவென்று இறங்கி நாற்பதானது, ஒன்பதானது, ஒன்றில் வந்து நின்றுவிட்டது. சீட்டில் இருந்தது கெடார்காரர் பெயர். நான் போனை எடுத்தேன். "இரு," என்றார் அக்கா. "ஏழு மணிக்கு முன்ன அவரு கெளம்ப மாட்டாரு, கேட்டு வெச்சிருக்கேன். ஏழாச்சுன்னா நானே பண்றேன்." முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறே முக்காலுக்கு ஒன்று பூஜ்யமானது. யாரும் கை தட்டவில்லை. போன தடவையும் அதே திரை அதே பூஜ்யத்தைத்தான் காட்டியிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு கெடார்காரரிடமிருந்து பதில் ஒன்று வந்தது. அக்காதான் அதைப் படித்தார்:

"கெடச்சது சார். புள்ளைங்க தூங்குதுங்க. எழுப்பல."