இறந்தவரைக் கொல்ல வந்த இருவர்

திருவனந்தபுரத்தில் சினிமாவைப் பார்த்துப் பேசுகிறவர்களிடையே என்னைப் பற்றி ஒரு நற்பெயர் உலவுகிறது. யாரும் கவனிக்காமல் கிடந்த ஒரு படத்தை, ஒரு பக்கக் குறிப்பு எழுதி நான் கைதூக்கிவிட்டேன் என்பது அது. எனக்கு உரிய பெயர் எதையும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. உரியதல்லாத பெயரைச் சுமக்கவும் விருப்பமில்லை. அந்தக் குறிப்பை நான் எழுதியது படத்தைக் கொல்வதற்காக. நடந்ததை முறையாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் ஓர் அரசு அலுவலகத்தில் பிரிவு அதிகாரியாக இருந்தேன். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவன். என் பிரிவிலிருந்து பிழையுள்ள வரைவு ஒன்றுகூட மேலே போனதில்லை. தெளிவில்லாத கோப்பு வந்தால் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் ‘விளக்கம் தேவை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். இதற்காக என்னை வெறுத்தவர்கள் உண்டு. கேலி செய்தவர்கள் அதுவரை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எங்கள் திரைப்படச் சங்கம் ஒரு வாடகை அரங்கில் படம் காட்டும். பெரும்பாலும் அயல்நாட்டுப் படங்கள். பலவற்றில் கீழே எழுத்து வராது, வந்தாலும் வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்தாக வந்து மறையும். ஆகையால் வாசலில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுக்கப்படும். அதில் முழுக் கதையும், கடைசிக் காட்சி உட்பட, எழுதப்பட்டிருக்கும். உறுப்பினர்கள் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, தேர்வுக்குப் போகிறவர்களைப் போல அதைப் படித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே செல்வார்கள். அந்தத் தாளைப் பல ஆண்டுகள் எழுதியவன் நான். நம் ஊர்ப் படமானால் மட்டும் கதையின் தொடக்கத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம்.

சங்க உறுப்பினர்களில் ஒருவர், சாலை என்னும் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், சொந்தமாக ஒரு மலையாளப் படம் எடுக்கப் புறப்பட்டார். ஒருவரைக் கொல்ல நாகர்கோவில் பக்கத்திலிருந்து இரண்டு கூலியாட்கள் வருகிறார்கள். அவர்களை அழைத்தவரும் தமிழர். எனவே வசனத்தில் பாதி தமிழ். அதை எடுத்துக்கொண்டு அவர் கரமனையில் என் வீட்டுக்கு வந்தார்.

“சார் ஒரு தடவ நோக்கித் தரணும். எனக்க தமிழ் சாருக்குத் தெரியுமில்லியா, சாலைல சருவம் வித்த தமிழ்” என்றார்.

ஆறு சனிக்கிழமைகள் திருத்திக் கொடுத்தேன். கொலையாளி ஒருவன் ‘நாளைக்கு முடிச்சிருவோம்’ என்கிற இடத்தில், நாளை என்பது எந்தக் கிழமை என்று கேட்டேன்.

“கூலிக்குக் கொல்லுதவன் கிழமை சொல்லுவானா சார்?”

“ஒழுங்காக வேலை செய்கிறவன் சொல்வான்” என்றேன்.

இன்னொரு இடத்தில் ‘ஆளைத் தூக்கிரலாம்’ என்றிருந்தது. யாரை, எங்கிருந்து, யார் பொறுப்பில் என்று ஓரத்தில் எழுதினேன். அவர் எதிர் நாற்காலியில் அமர்ந்து, கண்ணிமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ளும் ஆர்வம் என்று எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன். நான் படித்த பிரதியில், கொலைக்கு ஆள் அனுப்புகிறவர் ஒரு மலைச்சரக்கு வியாபாரி.

படம் வெளியான முதல் நாளே பகல் காட்சிக்கு மனைவியுடன் சென்றேன். திரையில் மலைச்சரக்கு வியாபாரி இல்லை. அவருக்குப் பதிலாக ஓய்வு பெற்ற பிரிவு அதிகாரி ஒருவர் வந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. காலரின் உட்பக்கம் மடித்துச் செருகிய கைக்குட்டை. உறை போட்ட குடை. என் கைக்குட்டை, என் குடை. கொலையாளிகளிடம் அவர் திட்டத்தை எழுத்தில் கேட்கிறார். கொண்டுவந்தால் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு ‘விளக்கம் தேவை’ என்று திருப்பிக் கொடுக்கிறார். “நாளை என்பது எந்தக் கிழமை?” என்று அவர் கேட்டபோது என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“இது நீங்க சொன்னதுல்லா?”

“படத்தைப் பார்” என்றேன்.

கதை இதுதான். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் தன்னை எழுப்பிவிட்ட ஒருவரைக் கொல்ல அந்த அதிகாரி ஆள் வரவழைக்கிறார். அந்த ஒருவர் பொன்முடி மலையடிவாரத்தில் கல்லாறு என்ற ஊரில் சாயாக்கடை நடத்துகிறவர். கொலையாளிகள் பொன்முடிச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஒத்திகை பார்க்கிறார்கள், ஆற்றில் குளிக்கிறார்கள், பூட்டியிருக்கும் கடையை மரத்தடியிலிருந்து நாள்முழுதும் கண்காணிக்கிறார்கள். யாரிடமும் எதுவும் விசாரிக்கக் கூடாது என்பது அதிகாரியின் எழுத்துமூல ஆணை. ஏழாவது திருத்தத்துக்குப் பிறகு ஒப்புதல் கிடைத்து, கதவை உடைத்து உள்ளே போனால், சுவரில் மாலையிட்ட படம் தொங்குகிறது. அந்த ஆள் இவர்கள் பஸ் ஏறுவதற்கு முந்தின நாளே மஞ்சள் காமாலையில் இறந்துபோயிருந்தார்.

இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டம் கூச்சலிட்டது. ஏமாற்றிவிட்டான் என்று ஒருவர் நாற்காலியை உதைத்தார். ஐந்தாம் நாள் அரங்கில் வேறு படத்தின் சுவரொட்டி ஒட்டப்பட்டது.

ஆனால் அந்த நான்கு நாட்களில் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். சாலையில் நான் வழக்கமாகச் செல்லும் இரும்புக்கடைக்காரர், நாலு பேர் நிற்கும்போது, “வாங்க சார். ஆணியா? எத்தன இஞ்சு, எந்தச் சொவருல, யாரு பொறுப்புலன்னு எழுதித் தரணும் கேட்டியளா. இல்லன்னா விளக்கம் தேவை” என்றார். தராசில் எடை போட்டுக்கொண்டிருந்தவரும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். அலுவலகத்தில் விடுப்புக் கேட்க வந்த எழுத்தர், “சாரே, ஒப்பிட்டு தந்நால் மதி, ஆளெ அயக்கண்டா” என்றார். கையெழுத்திட்டால் போதும், ஆள் அனுப்ப வேண்டாம் என்று பொருள். இருபத்தெட்டு ஆண்டுகள் என் முன் உட்காரத் தயங்கியவர் அவர்.

நான் எங்கும் முறையிடவில்லை. முறையிட்டால், அந்த மனிதர் நான்தான் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். இயக்குநரைச் சங்கத்தில் பார்க்கும்போது தலையசைத்துக் கடந்து சென்றேன். அவரும் தோற்ற முகத்தோடு தலையசைத்தார். படம் தோற்றது எனக்கு மகிழ்ச்சி தந்ததா என்றால், இல்லை. அது தானாகச் செத்தது. என் கை அதில் படவில்லை. அந்தக் குறை ஆறு ஆண்டுகள் நெஞ்சில் கிடந்தது. ஓய்வு பெற்றேன், கண்ணில் அறுவை செய்துகொண்டேன், பேரக்குழந்தை பிறந்தது. அந்தக் குறை அப்படியே இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு மழைக்காலத்தில் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். நம் ஊரில் எடுக்கப்பட்டு மறக்கப்பட்ட படங்களைக் காட்டப் போவதாகவும் அவற்றில் இதுவும் ஒன்று என்றும் சொன்னார். தயங்கித் தயங்கி, “குறிப்பு… சார் அல்லாதெ ஆரு எழுதும்?” என்றார்.

“நானே எழுதுகிறேன்” என்றேன். மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

இரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டேன். பழிச்சொல் ஒன்றுகூட அதில் இல்லை. பழிச்சொல், அதை எழுதியவனைக் காட்டிக்கொடுக்கும். நான் செய்தது ஒன்றே: நம் ஊர்ப் படத்துக்கு முடிவைச் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை மீறினேன். முதல் வாக்கியமாக இதை எழுதினேன்: ‘இப்படத்தில் கொல்லப்பட வேண்டியவர், கொலையாளிகள் ஊரிலிருந்து புறப்படுவதற்கு முந்தின நாளே மஞ்சள் காமாலையால் காலமாகிவிட்டார், இது கடைசிக் காட்சி வரை எவருக்கும் தெரியாது.’ மர்மம் ஒன்றையே நம்பி நிற்கும் படம். அதைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மணி நேரம் பூட்டிய கடையைத்தானே பார்க்க வேண்டும்? பாதியில் எழுந்து போவார்கள். போகட்டும். இயக்குநர் பின்னால் நின்று அதைப் பார்க்கட்டும்.

அன்று அறுபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். எல்லோரும் வழக்கப்படி தாளைப் படித்தார்கள். நான் மனைவியுடன் கடைசி வரிசையில் அமர்ந்தேன். யார் முதலில் எழுந்து போகிறார்கள் என்று அங்கிருந்து தெரியும்.

கொலையாளிகள் தம்பானூரில் பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். மூத்தவன் இளையவனிடம், “இந்தா பாரு, அவன் ரொம்ப உஷாரான ஆளாம். நம்ம வாசம் பட்டாலே ஓடிருவானாம்” என்றான்.

அரங்கு சிரிப்பால் வெடித்தது.

அதன் பிறகு நிற்கவில்லை. பூட்டிய கடையைப் பார்த்து, “வெளிய வரவே மாட்டங்கான், பயங்கர அழுத்தக்காரன்” என்று இளையவன் வியந்தபோது முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் இருமும் அளவுக்குச் சிரித்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே வசனத்துக்கு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த ஊர் இது. இறந்தவரைக் கொல்ல இத்தனை ஏற்பாடா என்று அறிந்து பார்த்தபோதுதான் அது என்ன படம் என்பது அவர்களுக்கு விளங்கியது. விளங்கச் செய்தவன் நான்.

அந்த அதிகாரி வந்தார். ஏழாம் முறையாகத் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்து, “எதிரி தப்பிச் செல்லும் வழி பற்றி இதில் ஒன்றும் சொல்லப்படவில்லை, விளக்கம் தேவை” என்றார். அப்போது என் மூக்கின் வழியே ஒரு சத்தம் வந்தது.

“சிரிச்சியளா?” என்றாள் மனைவி.

“தும்மல்.”

“தும்மலுக்கு வயிறு குலுங்குமா?”

அந்தப் படம் எனக்கு இழைத்த தீங்குகளில் அந்த ஒரு கணத்தையே முதலாவதாக வைக்கிறேன்.

விளக்குகள் எரிந்ததும் இயக்குநர் மேடை ஏறினார். கண் கலங்கியிருந்தது. மலையாளத்தில் நன்றி சொன்னவர், என்னைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

“ஆறு வருசமா எனக்குப் பிடிகிட்டாத காரியம் சாருக்குத் தெரிஞ்சிருக்கு. செத்ததை மொதல்ல சொல்லணும். நான் கடைசில ஒளிச்சு வெச்சேன், சார் அதை எடுத்து வாசல்லயே வெச்சிட்டாரு.”

பிறகு இறங்கி வந்து, அத்தனை பேர் முன்னிலையில் குனிந்து என் காலைத் தொட்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அறுபது பேர் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அவர் தலைமேல் கைவைத்தேன். வைத்த கையை அங்கேயே இறுக்கிப் பிடிக்க வேண்டும்போல இருந்தது.

பின்னர் அவர் படத்தையே மாற்றினார். தொடக்கத்தில் செய்தித்தாளின் மரண அறிவிப்புப் பக்கத்தைக் காட்டி, சாயாக்கடைக்காரரின் படத்தையும் காமாலையையும் முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்கும் முன்னால் ஒரு கறுப்புத் திரையில் நன்றி என்று போட்டு, அதன் கீழ் என் முழுப் பெயரையும் பட்டத்தோடு சேர்த்தார். கோழிக்கோட்டிலும் திருச்சூரிலும் சங்கங்கள் கேட்டு வாங்கித் திரையிட்டன. எங்கும் முதலில் என் பெயர்; சிறிது நேரத்தில் என் குடை. அந்த அதிகாரி யார் என்று ஊருக்கு ஊர் இருந்த சந்தேகத்தையும் அந்த நன்றி தீர்த்துவைத்தது.

சென்ற ஆண்டு அவர் வீட்டுக்கு வந்தார். திரைக்கதை புத்தகமாக வருகிறதாம்.

“முன்னுரை சார்தான் எழுதணும். சார் இல்லாம இந்தப் படமே இல்ல.”

இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்காததை அன்று கேட்டேன். “அந்த அதிகாரி நான்தானே?”

“பின்ன யாரு சார்?” என்றார், வெகு சந்தோஷமாக. “சார் அதையும் மன்னிச்சு, குறிப்பும் எழுதித் தந்தாருன்னுதான் போற எடமெல்லாம் சொல்லுதேன். அந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்?”

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “நான் மன்னிக்கவில்லை. அந்தக் குறிப்பை உங்கள் படத்தைக் கெடுப்பதற்காக, வேண்டுமென்றே, இரண்டு நாள் யோசித்து எழுதினேன்.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்தபடி, “அம்மோ! இதே மொகம், இதே கொரலு. சார், இந்த டயலாக் அன்னைக்கே கிடைச்சிருந்தா க்ளைமாக்ஸுல வெச்சிருப்பேனே” என்றார்.

உள்ளேயிருந்து வந்த என் மனைவி, அவர் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

முன்னுரை எழுத மறுத்துவிட்டேன். அதையும் அவர் அடக்கம் என்று ஊரில் சொல்லிவருகிறார். நான் வாயால் சொல்வது எதுவானாலும் அந்த மனிதர் கையில் வசனமாகிவிடுகிறது. ஆகையால் எவரும் நடித்துக் காட்ட முடியாத விதத்தில், என் நினைவுகளாக நான் எழுதும் இந்த நூலில், என் கையெழுத்தின் பொறுப்பில் எழுதி வைக்கிறேன்: நான் மன்னிக்கவில்லை.