தூளிப் புடவை

எனக்குக் கல்யாணம் ஆனபோதே கூடவே எட்டு மாதப் பிள்ளை ஒருவனும் வந்து சேர்ந்தான். நான் பெற்றவன் அல்ல. பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று நடந்த கல்யாணம் அது. தெரிந்துதான் கழுத்தை நீட்டினேன்.

ஐம்பதுகளில் செவ்வாப்பேட்டையில் காலை ரயில் போய்விட்டால் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காது. வீட்டுக்காரர் பெரம்பூருக்கு வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அதுவரை நானும் அந்தப் பிள்ளையும்தான். நான் தூக்கினால் வீறிட்டு அழுவான். தூளியில் போட்டால் மட்டும் வாயை மூடுவான். தூளி அவன் அம்மாவின் புடவை. ஊதாவில் மஞ்சள் கரை. அதை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு தூங்குவான். இன்னும் தவழவில்லை, போட்ட இடத்தில் கிடப்பான். ஆனால் சங்கில் பால் புகட்டப் போனால் தலையைத் திருப்பிக்கொள்ளத் தெரியும். இத்தனூண்டு உயிருக்கு எவ்வளவு வீம்பு என்று எரிச்சலாக வரும். பிறகு அழுகை வரும்.

பால் தந்தவள் பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஆடு வளர்த்தாள். ஒருநாள் அவளுடைய ஆடு ஒன்று குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போனது. நான் போய்ப் பார்த்தபோது குட்டியின் உடம்பில் ஈரம்கூடக் காயவில்லை. உலை கொதிக்கிற நேரத்துக்குள் நாலு காலையும் பரப்பி எழுந்து நின்றுவிட்டது. விழுந்தது, மறுபடியும் நின்றது, நடந்தது. எங்கள் வீட்டு மகாராஜா இத்தனை மாதமாகியும் பாயை விட்டு நகரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நடந்து என்ன பயன்? கொட்டிலில் இன்னொரு ஆடு மடி கனத்து நின்றது. முதல் நாள் அதற்குக் குட்டி செத்துப் பிறந்திருந்தது. இந்தக் குட்டி தானாகவே போய் அதன் மடியைத் தேடியது. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒரே முட்டாக முட்டித் தள்ளியது.

"நடக்கத் தெரிஞ்சி இன்னா புண்ணியம்? அது புள்ள வாசன இல்லியே," என்றாள் அவள்.

செத்த குட்டியின் தோலை உரித்து வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து இதன் முதுகில் போர்த்திக் கட்டினாள். ஆடு மறுபடியும் முகர்ந்தது. அப்புறம் பேசாமல் நின்றது. குட்டி வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.

யாரும் எனக்கு யோசனை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் தூளியை அவிழ்த்து, துவைக்காமல் அப்படியே கட்டிக்கொண்டேன். புளித்த பால் வாடையும் மூத்திர வாடையும் அடித்தன. பிள்ளையைத் தூக்கினேன். உதைத்தான், திமிறினான். முந்தானையில் முகம் பட்டதும் அடங்கிப்போனான். மூக்கைத் தேய்த்துக்கொண்டே என் தோளில் தூங்கிவிட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சோறு வடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

பிறகு பகலெல்லாம் எனக்கு அதுதான் உடுப்பு.

"இன்னாம்மே, செத்தவ பொடவைய கட்டிக்கினு கீற? ஊட்டுக்காரரு பாத்தா இன்னா சொல்வாரு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஒரு மாலை சீக்கிரம் வந்த வீட்டுக்காரர், அடுப்பு ஊதிக்கொண்டிருந்த என் முதுகைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான் திரும்பினேன். அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே வடிந்துபோனது. கொல்லைப்பக்கம் போய்விட்டார். அந்த வீட்டில் எனக்கென்று யாருமே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை எனக்குக் கோபம். அந்தப் புடவையைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். பிள்ளையைப் பாயில் விட்டு, எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"வாடா," என்றேன்.

அவன் அழவில்லை. என்னையே பார்த்தான். கைகளை ஊன்றி வயிற்றைத் தரையிலிருந்து தூக்கினான். ஒரு முழங்கால் முன்னால் வந்தது, பிறகு இன்னொன்று. பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தவழ்ந்தான். என் மடிவரைக்கும் வந்தான். என் முழங்காலில் கைவைத்து, என்னைச் சுற்றிக்கொண்டு போனான். மூலையில் கிடந்த புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பால் செம்போடு வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி, "ஐய, புள்ள தவழ்றாம்மே!" என்று கூவினாள்.

"ஆமாக்கா, தவழ்ந்துட்டான்," என்று நானும் கைதட்டினேன். நீட்டிய கைகளை வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.