திரும்பி ஓடிய ரேவதியும் எங்கள் தோல்வி சீசனும்

முதல் மேட்ச்

அந்த சீசனின் முதல் மேட்ச் திருச்சியில். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எங்கள் ரேவதி கைக்குப் பந்து வந்துவிட்டது. எதிரணியில் மூன்று பேரை ஏமாற்றிவிட்டு முன்னேறினாள். முன்னால் ஆளே இல்லை. நேராகப் போய்க் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு பாயின்ட். நான் விசிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். அவள் சட்டென்று நின்றாள். திரும்பினாள். போன வேகத்தைவிட அதிக வேகமாக எங்கள் பக்கமே ஓடி வந்தாள். எங்கள் கோட்டுக்குள் வந்து சேர்ந்ததும் இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தாள். பின்னாலேயே துரத்தி வந்த பெண் அவள் இடுப்பு ரிப்பனை உருவினாள். அவர்களுக்கு இரண்டு பாயின்ட்.

சொந்தக் கோட்டுக்குப் பின்னால் ரிப்பனைப் பறிகொடுப்பதற்கு அந்த ஆட்டத்தில் 'சேஃப்டி' என்று பெயர். யாருக்கு சேஃப்டி என்று ரிட்டயர் ஆன பிறகும் எனக்கு விளங்கவில்லை.

நான் குடவாசல் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.டி.யாக, அதாவது உடற்கல்வி இயக்குநராக இருந்தவள். கபடிதான் என் உயிர். எங்கள் முதல்வர் மேடம் கணக்குப் பாடம் நடத்தியவர், கறாரானவர். அவர்தான் ஒருநாள் கூப்பிட்டு, "வசந்தா, கபடி எல்லா காலேஜ்லயும் இருக்கு. ஃப்ளாக் ஃபுட்பால்னு புதுசா வந்திருக்காமே, அதை நாம ஆரம்பிப்போம்" என்றார்.

ஃப்ளாக் ஃபுட்பால் என்பது அமெரிக்கன் ஃபுட்பாலின் சாதுவான தங்கச்சி. ஹெல்மெட் கிடையாது, மோதல் கிடையாது. ஒரு பக்கம் ஐந்து பேர். இடுப்பு பெல்ட்டில் ரிப்பன் தொங்கும். பந்து வைத்திருப்பவளின் ரிப்பனை உருவிவிட்டால் அந்த ஓட்டம் அங்கேயே முடிந்தது. ஆளைத் தொடக் கூடாது.

நான் கபடிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து டீம் போட்டேன். பல்கலைக்கழகக் கபடி டீமில் இடம் கிடைக்காத பிள்ளைகள் அவர்கள். இந்த ஆட்டமும் இல்லையென்றால் அவர்களுக்கு ஆட வேறொன்றும் இல்லை. அதனால் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஆனால் கபடியாக ஆடினார்கள்.

கபடியில் பாடிப் போகிறவள் எதிரியைத் தொட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்பி வந்தால்தான் பாயின்ட். ரேவதிக்குப் பத்து வயதிலிருந்து அதுதான் பழக்கம். கேப்டன் ஷமீம் கணுக்கால் பிடிப்பதில் கில்லாடி. எதிரணிப் பெண் ஓடி வந்தால் ரிப்பனை விட்டுவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ரெஃபரி விசில் அடிப்பார். "ஸாரிக்கா, ஸாரிக்கா" என்பாள். பிடியை மட்டும் விடமாட்டாள்.

தோற்று வரும் பஸ்

தஞ்சாவூரில் தோற்றோம். மதுரையில் தோற்றோம். எங்கும் எங்கள் பக்கம் முட்டைதான். நான் செய்யாத வித்தை இல்லை. தரையில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டேன். ரேவதி திரும்பினால் எல்லாரும் "அந்தப் பக்கம்" என்று கத்த வேண்டும் என்று சொல்லிவைத்தேன். கத்தினார்கள். அவள் நின்று என்னைப் பார்த்து, "என்ன மேடம்?" என்று கேட்டாள். அதற்குள் ரிப்பன் போய்விட்டது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பிள்ளைகளுக்கு அதெல்லாம் கிடையாது. வழியில் பரோட்டாக் கடையில் நிறுத்தச் சொல்லி, அன்றைக்கு யார் அதிக அசடு வழிந்தாள் என்று ஓட்டு எடுப்பார்கள். ஜெயித்தவளுக்கு ஆம்லெட். பெரும்பாலும் ரேவதிதான் சாப்பிட்டாள்.

ஒரு சாயங்காலம் பஸ் கல்லூரி வாசலில் நுழையும்போது முதல்வர் மேடம் அங்கே நின்றிருந்தார். உள்ளே ஒரே பாட்டும் கைதட்டலும்.

"ஜெயிச்சுட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"தோத்துட்டு வர்ற பஸ்ஸா இது?"

அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஜெயிக்கச் சொல்லல வசந்தா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பாயின்ட் எடுக்கட்டும். கடைசி மேட்ச் நம்ம கிரவுண்டுலதானே? அதுலயும் முட்டைன்னா அடுத்த வருஷம் இந்த டீம் வேண்டாம். கமிட்டியில என்னால பதில் சொல்ல முடியல."

நான் அதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. பஸ்ஸில் பாட்டு நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

ரேவதி சொன்னது

மறுநாள் ப்ராக்டிஸில் ரேவதியை உட்காரவைத்துக் கேட்டேன். திட்டவில்லை. திட்டித் திட்டி எனக்கே அலுத்துவிட்டது.

"ஏன்டி, முன்னாடி யாருமே இல்ல. அப்புறம் எதுக்குத் திரும்புற?"

"யாரும் இல்லாததாலதான் மேடம்."

"என்னடி சொல்ற?"

"அங்க நம்ம ஆளு யாருமே இல்லயே மேடம். தப்பிச்சு ஓடுறப்ப நம்ம ஆளுங்க நிக்கிற பக்கம்தானே காலு போகும்?"

இத்தனை நாள் அவள் காலைத் திருத்தப் பார்த்தேன். கால் சரியாகத்தான் இருந்தது. ஆட்கள்தான் தப்பான இடத்தில் நின்றார்கள்.

கடைசி மேட்ச்

கடைசி மேட்ச்சுக்குப் பெற்றோரை எல்லாம் வரச்சொன்னேன். சம்பா அறுவடை நேரம். வருவார்களோ மாட்டார்களோ என்றிருந்தேன். நல்ல வேளையாக முதல்நாள் ஒரு மழை பெய்து, மிஷின் வயலில் இறங்க முடியாமல் நின்றுவிட்டது. அதனால் அம்மாக்கள் பட்டாளமாக வந்தார்கள். எல்லாரையும் எதிரணியின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால், வாய்க்கால் கரையில் உட்காரவைத்தேன்.

ரேவதியின் அம்மா செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கள ஏன் மேடம் அவுங்க பக்கம் ஒக்கார வைக்கிறீங்க?"

"உங்க பொண்ணு உங்ககிட்ட ஓடி வரணும்மா. வேற ஒண்ணும் வேணாம். கூப்புட்டுக்கிட்டே இருங்க."

முதல்வர் மேடம் குடையோடு வந்து அவர்கள் நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்தார். முதல் பாதியில் ரேவதி ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அம்மாவைப் பார்த்து ஓடினாள். இரண்டு தடவை கோட்டுக்குப் பக்கத்தில் போய் ரிப்பனை இழந்தாள்.

இடைவேளையில் எல்லாருக்கும் மோரும் சுண்டலும் கொடுத்தோம். அங்கேதான் கோட்டை விட்டேன். இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறும் என்பது எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும். வாய்க்கால் கரையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு யார் சொல்வது? அவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

ஆட்டம் முடியப்போகும் நேரம். நடு மைதானத்தில் ரேவதி கைக்குப் பந்து வந்தது. ஒருத்தியை ஏமாற்றினாள், நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய அம்மா, அத்தை, முதல்வர், எல்லாரும் எங்கள் கோட்டுக்குப் பின்னால் இருந்தார்கள். திரும்பி அவர்களைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்துக்கொண்டேன்.

முதலில் விஷயம் புரிந்தது செல்விக்குத்தான். "அடி ஆத்தி, பக்கம் மாறிப்போச்சுடி, எந்திரிங்கடி" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மைதானத்தின் ஓரமாக எதிர்ப் பக்கத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். அவர் பின்னால் அம்மாக்கள் கூட்டம் மொத்தமும். ரேவதி பார்த்தாள். தன் ஆட்கள் தன்னைத் தாண்டி ஓடுகிறார்கள். விட்டுவிடுவாளா? அவளும் திரும்பி அவர்களோடு ஓடினாள். துரத்தி வந்த பெண்களுக்கு எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. ஒருத்தி கை நீட்டினாள், ரேவதி கபடியில் குனிவதுபோல் குனிந்து தப்பினாள். கோட்டுக்கு வெளியே அம்மாக்கள், உள்ளே மகள், எல்லாரும் ஒரே ஓட்டம். பார்க்க வந்தவர்கள் கோட்டுக்கு வெளியே ஓடக் கூடாது என்று எந்த விதியும் இல்லையாம். ரெஃபரி பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ரேவதி கடைசிக் கோட்டைத் தாண்டி அம்மா மேல் போய் விழுந்தாள். ஆறு பாயின்ட்.

நான் அழுதேன். ஷமீம் என்னைத் தூக்கிச் சுற்றினாள். என் எடைக்கு அது சாதாரண வேலை இல்லை.

அப்போதுதான் பார்த்தேன். அம்மாக்கள் நடுவில், ஒரு காலில் செருப்பு இல்லாமல், குடையைக் கோல் மாதிரி ஊன்றிக்கொண்டு முதல்வர் மேடம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரும் அந்த முழு மைதானமும் ஓடி வந்திருக்கிறார்.

"வசந்தா, ஜெயிச்சுட்டோமா?"

"இல்ல மேடம். அவங்க முப்பத்தொண்ணு, நாம ஆறு."

"தோத்ததுக்கா நான் இந்த ஓட்டம் ஓடுனேன்?"

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அடுத்த வருஷம் இவங்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லி வைங்க, ஹாஃப் டைம்ல எந்திரிச்சு மாறி உக்காரணும்னு" என்றார். டீம் தப்பித்துவிட்டது என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

புதிதாக வேலைக்கு வரும் பி.டி.க்கள் என்னிடம் கோச்சிங் பற்றிக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான். பிள்ளை தப்பான பக்கம் ஓடினால் அவளைத் திட்டாதீர்கள். முதலில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். தப்பான பக்கம் என்றால் வெட்கப்படாமல் எழுந்து ஓடுங்கள், அவள் வந்துவிடுவாள்.