தார்ப்பாய் கட்டிய சுவர்

சங்ககிரி புறவழிச் சாலையை ஒட்டி எங்கள் வீடு. வாசற்படிக்குப் பக்கத்துச் சுவரில், உட்கார்ந்தால் தலை சாயும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை உண்டு. என் வீட்டுக்காரர் லாரியை நிறுத்திவிட்டு வந்ததும் அங்கேதான் தலையைச் சாய்த்து அரைத் தூக்கம் போடுவார். சுவர் பாழாகிறது என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்தக் கறையின் மேல் ஒரு தூசி பட்டாலும் எனக்குத் தாங்காது.

மகள் கோயம்புத்தூரில் சுவர்ப் பூச்சு தயாரிக்கும் கம்பெனியின் ஆய்வகத்தில் இருக்கிறாள். லாரிப் புகையால் கறுத்த எங்கள் சுவரைப் பார்த்து அவளுக்கு ஆற்றாமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேனோடு வந்தாள். உள்ளே இருந்தது தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள் அதில் மிதக்கின்றன என்றாள். சுவரைக் கழுவினாள், ஊறிப்போன கறுப்பு போகவில்லை. அதன் மேலேயே தெளித்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறிவிட்டாள். கறை அப்படியே தெரிந்தது. எனக்கு நிம்மதி.

மறுநாள் மதியம் சுவரில் வெயில் சுள்ளென்று அடித்தது. புதுப் பூச்சு கெட்டுவிடுமோ என்று பட்டது. லாரிக்காரர் வீட்டில் வாழ்ந்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? வெயிலோ மழையோ, சரக்கை மூடிக் கட்டிவிட்டுத்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். விற்ற லாரியின் பழைய தார்ப்பாய் மாடியில் கிடந்தது. இழுத்து வந்து கயிறு போட்டுக் கட்டினேன். பாதிச் சுவருக்குத்தான் எட்டியது. கறை அந்த மூடிய பாதியில் இருந்தது.

ஐப்பசி மழை வந்தது. திறந்து கிடந்த பாதியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நிற்காமல், மெல்லிய கண்ணாடிபோல விரிந்து வழிந்தது. சாலை விளக்குகள் அதில் நீந்தின. பார்த்துக்கொண்டே இருந்தால் சுவரே நகர்வதுபோல் இருக்கும். எங்கோ ஒரு லாரி கியர் மாற்றும். அவர்தான் என்று பாதிக் கனவில் எழுந்து, காபிக்குப் பால் வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை வந்த மகள் தலையில் கை வைத்தாள்.

"ஏம்மா, இதையும் லோடுன்னு நெனச்சா கட்டுனீங்க? வெயில் பட்டாத்தானே அது வேலை செய்யும்!"

தார்ப்பாயை அவிழ்த்தோம். ஒரு பாதி வெளுத்திருந்தது. மறுபாதியில் கறுப்பும் கறையும் அப்படியே. வெயில் பட்டதும் அந்தத் துகள்கள் விழித்துக்கொண்டு, புகைக்கரியையும் எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்குமாம். சுவரைத் தொடும் காற்றிலிருந்தும் வண்டிப் புகையைக் கொஞ்சம் குறைக்குமாம்.

"எண்ணெயையுமா?"

"ஆமாம்மா."

"அது எங்க போகும், சாமி?"

நான் எங்கே பார்க்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குரல் இறங்கிவிட்டது.

"தண்ணியாவும் காத்தாவும் போயிரும்மா. வேணும்னா மறுபடியும் மூடிரலாம்." அவளே கயிற்றைக் கையில் எடுத்தாள்.

நாலு நாள் ஓரிடத்தில் தங்காத மனுஷனைத் தார்ப்பாய்க்குள் கட்டி வைப்பதா? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"வேண்டாம் கண்ணு. தொறந்தே கெடக்கட்டும்."

கறை இப்போது மங்கி வருகிறது. சாயங்காலம் எண்ணெய் வைத்துத் தலை வாரியதும் படியில் போய் உட்காருகிறேன். அவரைவிட நான் குள்ளம். இரண்டு செங்கல் போட்டுக்கொண்டால்தான் அந்த இடத்துக்குத் தலை எட்டும். சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறேன். மறுநாள் மதிய வெயில், அவருடையதில் கொஞ்சமும் என்னுடையதில் கொஞ்சமும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது.