தடைக்காலத்து ஆட்டுக்கறி

பிள்ளைகளா, டீக்கடையில் நான் கத்திய வீடியோவைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு எதற்கு அவ்வளவு கோபம் என்று கேட்டீர்கள். அது கோபம் இல்லை, பொறாமை.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் மீன் ஏற்றும் என் லோடு ஆட்டோவுக்கும் வேலை கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சொந்தப் படகு. அவருக்கு அரசாங்க நிவாரணம் வரும். அவர் பிடிக்கிற மீனை ஏற்றிப் பிழைக்கும் எனக்கு வராது. நான் மீனவன் இல்லையாம்.

நிவாரணம் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் ஆட்டுக்கறி. நம் வீட்டில் ரசமும் அப்பளமும். மதில் தாண்டி வந்த வாசனையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி ஒரு கிண்ணம் கறி கொடுத்தனுப்பினார். நீங்கள் எலும்பைக்கூட விடவில்லை. நான் தொடவில்லை. வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்புவது நம் தெருவில் வழக்கமில்லை. முருங்கைக்காயாவது போட்டுக் கொடுக்கிறேன் என்றாள் உங்கள் அம்மா. ஒன்றும் வேண்டாம் என்று கிண்ணத்தை அலமாரியில் தூக்கி வைத்தேன்.

நாலு நாள் கழித்து டீக்கடைக்கு மைக்கும் கேமராவுமாகச் செய்திச் சேனல் பெண் ஒருத்தி வந்தாள்.

"நிவாரணத்தக் கூட்டணுமா, கொறைக்கணுமாங்க?"

"கூட்டச் சொல்லும்மா, அப்பத்தான் என் வடை விக்கும்" என்றார் கடைக்காரர்.

நான் எழுந்தேன். "கொறைக்கணுங்க! படகு வச்சிருக்கவருக்கு எதுக்கு? வீட்டு வாசல்ல புல்லட் நிக்குது. ஞாயித்துக்கெழம ஆனா ஆட்டுக்கறி!"

பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது. "கறி எப்புடி இருந்துச்சு தம்பி? கிண்ணத்த ஒங்க அண்ணி தேடிக்கிட்டிருக்கா."

கடையே சிரித்தது. தடை முடிந்து கடல் திறந்ததும் அவர் லோடு வேறு வண்டிக்குப் போய்விட்டால் உங்களுக்கு என்ன போடுவேன்?

அவர் மைக் பக்கம் திரும்பினார். "கொறைக்க வேணாங்க. இவரு மாதிரி வண்டிக்காரங்க, ஐஸ் ஒடைக்கிறவங்க, மீன் விக்கிற பொம்பளைங்க, எல்லாருக்கும் சேத்துக் குடுக்கச் சொல்லுங்க. நாங்க கரையில கெடந்தா அவங்களுந்தானே கெடக்குறாங்க!"

அதுவரை அவர் நிவாரணத்தின்மேல்தான் பொறாமை. இப்போது அந்தப் பேச்சின் மேலும் வந்துவிட்டது. நான் கேட்டிருக்க வேண்டியது அது. அவருக்குக் குறைக்கத்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது, நமக்கும் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. போகும்போது, "கடல் தொறந்தா வண்டிய நேரத்துக்குக் கொண்டா" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். யாரும் இல்லை. கொல்லை மரத்தில் முருங்கைக்காய் பறித்தேன், கை முற்றலாகப் பார்த்துத்தான் போனது. பிறகு முற்றலை நமக்கு எடுத்து வைத்துவிட்டு, இளசாக நாலு பறித்து நறுக்கி, கிண்ணம் நிரம்பப் போட்டு, அவர்கள் மதில்மேல் வைத்தேன்.